ஓய்வுக்குப் பிறகு மோட்டார்ஹோமில் பிரான்ஸ் கிராமங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தம்பதி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் எங்கள் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியை, கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், பிரான்சின் கிராமப்புறங்களில் வாரக்கணக்கில் சுற்றிவிட்டு வருவோம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். முக்கியமாக, ஆசை இருந்தும் "இந்த வயதில் நம்மால் முடியுமா" என்று தயங்குகிறவர்களுக்காக.

எத்தனையோ நாடுகள் இருக்க ஏன் பிரான்ஸ்?

அங்கே மோட்டார்ஹோமை வரவேற்பது சின்ன ஊர்கள் என்பதால்தான். பிரான்சில் தனி மேயரும் மன்றமும் உள்ள ஊர்கள் சுமார் 35,000 இருக்கின்றன, அவற்றில் ஏராளமானவற்றில் சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ரொட்டிக்கடை மூடினால் அடுத்து காபிக் கடை, அப்புறம் தபால் நிலையம் என்று ஒவ்வொன்றாகப் போய்விடும் என்ற பயம் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் உண்டு. அதனால் ஆற்றங்கரையிலோ விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்திலோ ஒரு துண்டு நிலத்தைச் சமப்படுத்தி, தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்ட ஒரு தொட்டியும் வைத்து, இரவு தங்கிக்கொள்ளுங்கள் என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். பிரெஞ்சில் அந்த இடத்துக்கு 'ஏர்' (aire) என்று பெயர், பலகையிலும் அதுதான் இருக்கும். சில ஊர்களில் இலவசம், பல இடங்களில் சில யூரோ.

பதிலுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த ஊரிலேயே ஏதாவது வாங்குவது. காலையில் ரொட்டி, இரண்டு தக்காளி, ஒரு காபி, அது போதும். வெளியூர் சூப்பர்மார்க்கெட்டில் எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்து, இங்கே தண்ணீர் பிடித்து, குப்பையை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். அப்படிப்பட்டவர்கள் அதிகமாகிற ஊர்களில்தான் கொஞ்ச நாளில் தடைப் பலகை முளைக்கிறது.

இரவு எங்கெல்லாம் தங்கலாம்?

ஊர் வைத்திருக்கும் ஏர்கள் முதலாவது. 'கேம்பிங்-கார் பார்க்' என்று ஒரு நிறுவனம் பல ஊர்களின் ஏர்களை எடுத்து நடத்துகிறது. அதற்கு ஓர் அட்டை வாங்கிக்கொண்டால் தடுப்புக் கம்பி திறக்கும், மின்சாரமும் இருக்கும். ஊராட்சியே நடத்தும் 'முனிசிப்பல்' கேம்பிங் இடங்கள் உண்டு, எளிமையானவை, சுத்தமானவை, குளிக்க வெந்நீர் கிடைக்கும். விடுமுறை நெரிசல் இல்லாத மாதங்களில் போகிறவர்கள் 'ஏசிஎஸ்ஐ' அட்டை வாங்கினால் நல்ல கேம்பிங் இடங்களிலும் குறைந்த விலைக்குத் தங்கலாம். ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கென்றே போட்ட திட்டம் போல இருக்கும் அது.

எனக்கு மிகவும் பிடித்தது 'பிரான்ஸ் பாஸியோன்'. ஆண்டுச் சந்தா கட்டினால் 2,000-க்கும் மேற்பட்ட திராட்சைத் தோட்டக்காரர்கள், பாலாடைக்கட்டி செய்கிறவர்கள், தேனீ வளர்க்கிறவர்கள் தங்கள் நிலத்தில் ஓர் இரவு, அதாவது 24 மணி நேரம், இலவசமாக நிறுத்த விடுவார்கள். எதையும் வாங்கியாக வேண்டும் என்று விதி இல்லை. போனதும் வீட்டாரிடம் வணக்கம் சொல்ல வேண்டும், கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். கழிவறையும் தண்ணீரும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

லுவார் ஆற்றுப் பக்கம் செந்த்-மோர் என்ற பாலாடைக்கட்டி செய்யும் ஓர் ஆட்டுப் பண்ணையில் ஒரு முறை தங்கினோம். ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் உருளையாக, மேலே சாம்பல் பூசி இருக்கும் அந்தக் கட்டியின் நடுவில் ஒரு வைக்கோல் குச்சி செருகியிருப்பார்கள். பண்ணைக்கார அம்மா அதை உருவி என் கையில் கொடுத்து, குச்சியின் மேல் பொறித்திருந்த பொடி எழுத்துகளைக் காட்டினார். எந்தப் பண்ணை செய்தது என்ற அடையாளம் அதில்தான் இருக்கிறது. கட்டி உடையாமல் நிற்கவும் உள்ளே காற்று போகவும் கம்பு வைக்கோல் வேண்டும் என்று சைகையிலேயே விளக்கிவிட்டார். மாலை ஆறு மணிக்குப் பால் கறப்பதைப் பார்க்க என் கணவரையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். எந்த ஹோட்டலில் இது கிடைக்கும்?

வண்டிக்கு வெளியே மேசை நாற்காலி போடலாமா?

ஏரில் பெரும்பாலும் கூடாது. பிரான்சில் மோட்டார்ஹோமும் சாலைச் சட்டப்படி ஒரு கார்தான். கார் நிற்கக்கூடிய இடத்தில் அதுவும் நிற்கலாம், உள்ளே நீங்கள் தூங்குகிறீர்களா என்பது வேறு விஷயம். ஆனால் பந்தலை விரித்து நாற்காலி போட்டுவிட்டால் அது 'நிறுத்துவது' இல்லை, 'முகாம் போடுவது' ஆகிவிடும், அதற்கு விதிகள் வேறு. கேம்பிங் இடத்தில் தாராளமாகப் போடுங்கள். பண்ணையில் கேட்டுவிட்டுப் போடுங்கள். கடற்கரை ஓரங்களிலும் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் இரவு நிறுத்தவே தடை இருக்கும், பலகையைப் படியுங்கள்.

எந்த லைசென்ஸ் வேண்டும்? வயது வரம்பு உண்டா?

மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸ், அதாவது 'பி' பிரிவு, போதும். அதற்கு மேல் 'சி1' வேண்டும். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு 'சி1' தானாகவே இருக்கும். ஆனால் 70 வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட படிவம் கொடுத்தால்தான் அது தொடரும், இல்லாவிட்டால் போய்விடும். அறுபத்தைந்தில் நான்கு டன் வண்டி வாங்குகிறவர்கள் இதை யோசித்துவிட்டு வாங்க வேண்டும். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு, வாடகைக்குக் கொடுப்பவரின் வயது நிபந்தனையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என்ன மாதிரி வண்டி வாங்குவது?

வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு எடுங்கள். 'யெஸ்காப்பா' போன்ற தளங்களில் வண்டியின் உரிமையாளர்களே அதை வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு எது ஒத்துவரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பார்க்கும்போது சமையலறையை விடப் படுக்கையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் சுவரை ஒட்டிய இரட்டைப் படுக்கை என்றால் உள்பக்கம் படுப்பவர் இரவில் எழுந்து போக மற்றவர் மேல் ஏறித்தான் போக வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் படுக்கைக்கு ஏணி. இரண்டுமே முழங்கால் வலிக்காரர்களுக்குச் சரிப்படாது. பின்பக்கம் இரண்டு தனிக் கட்டில், நடுவே நடைபாதை, இதுதான் எங்கள் வயதுக்கு நல்லது. கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் படுத்துப் பாருங்கள், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் எடை. 3,500 கிலோ வண்டி என்றால் எல்லாம் ஏற்றிய பிறகு அதற்கு மேல் போகக் கூடாது என்று அர்த்தம், காலியாகவே அது மூன்று டன்னுக்கு மேல் இருக்கலாம். மீதி இருப்பதில்தான் நீங்கள் இருவரும், 100 லிட்டர் தண்ணீரும் (அதுவே 100 கிலோ), கேஸ் சிலிண்டரும், சைக்கிள்களும், அரிசி மூட்டையும் அடங்க வேண்டும். நிரப்பிய பிறகு ஒரு எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அவ்வளவு பெரிய வண்டியை அந்தக் குறுகலான ரோட்டில் ஓட்ட முடியுமா?

முடியும். பிரான்சின் கிராமத்துச் சாலைகளில் போக்குவரத்து மிகக் குறைவு. கவனிக்க வேண்டியவை இவை. கிராமத்துக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு, வேறு குறி எதுவும் இல்லாவிட்டால், நாம்தான் வழிவிட வேண்டும். சின்னச் சந்தாக இருக்கும், அதிலிருந்து வரும் பாட்டி நம்மைப் பார்க்காமலே திரும்பிவிடுவார், சட்டமும் அவர் பக்கம்தான். 2018 ஜூலையிலிருந்து நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகம், சில மாவட்டங்கள் மறுபடி 90 ஆக்கியிருக்கின்றன. ஊருக்குள் 50. வாகன நிறுத்தங்களின் வாசலில் 2 மீட்டருக்கும் தாழ்வாகக் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள், தலையைத் தூக்கிப் பார்க்காமல் எங்கும் நுழையாதீர்கள். வண்டியின் உயரம், அகலம், எடை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

3.5 டன்னுக்கு மேல் என்றால் நெடுஞ்சாலை வேகம் 110 தான், ஓட்டுநர் கண்ணில் படாத இடங்களைக் காட்டும் 'மறைகோண' எச்சரிக்கை ஸ்டிக்கரும் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒட்டியிருக்க வேண்டும். 2021-லிருந்து அது கட்டாயம்.

திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் முதலில் இரவுக்கு வண்டியை நிறுத்துங்கள், பிறகு சுவை பாருங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

செலவு எவ்வளவு ஆகும்?

பெரிய செலவு டீசலும் நெடுஞ்சாலைச் சுங்கமும்தான். சுங்கத்தில் 2 மீட்டருக்கு மேல் 3 மீட்டருக்குள் உயரமும் 3.5 டன்னுக்குள் எடையும் உள்ள வண்டி இரண்டாம் வகுப்பு, கூரை மேல் எதையாவது ஏற்றி 3 மீட்டரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் வகுப்பு, கட்டணம் ஏறும். பிரான்சின் மேற்கு முனையில் இருக்கும் பிரித்தானி (Brittany) பகுதியின் விரைவுச் சாலைகளில் சுங்கமே இல்லை. கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து பெஸியே வரை மலை மேல் போகும் ஏ75-ல் மியோ பாலம் ஒன்றுக்கு மட்டும்தான் காசு. உச்சி வரை 343 மீட்டர் உயரம் உள்ள அந்தப் பாலத்துக்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. டீசலை நெடுஞ்சாலையில் போடாமல் ஊர் சூப்பர்மார்க்கெட் பங்கில் போடுங்கள், பம்பில் 'காஸோல்' என்று இருப்பதுதான் டீசல். அதே இடத்தில் வெட்டவெளியில் பெரிய துணி துவைக்கும் இயந்திரங்களும் வைத்திருப்பார்கள். துணியைப் போட்டுவிட்டுக் கடைக்குள் போய் வந்தால் வேலை முடிந்திருக்கும்.

தண்ணீர், கழிவறை விஷயம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது...

கூச்சப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்க நினைக்கிறார்கள். கழிவறைக்கு அடியில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி இருக்கும். வெளியே ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை இழுத்துக்கொண்டு போய் அதற்கான இடத்தில் கவிழ்த்துக் கழுவிவிட்டு வர வேண்டும், இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் தனித் தொட்டியில் சேரும். தரையில் சல்லடை மூடி உள்ள இடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தித் திறந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் இரண்டு குழாய் இருக்கும், ஒன்று குடிநீர், இன்னொன்று கழிவுப் பெட்டி கழுவ. குடிநீர்க் குழாயிலேயே பெட்டியைக் கழுவுகிற அறிவில்லாதவர்களும் உண்டு. அதனால் குடிநீர் பிடிக்கும் முன் குழாய் வாயை ஒரு கிருமிநாசினித் துணியால் துடைத்து, அரை நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, நம்முடைய சொந்த ஹோஸை மாட்டிப் பிடிக்க வேண்டும். கையுறை இரண்டு ஜோடி, இரண்டு நிறத்தில், மாறவே கூடாது. சில ஏர்களில் தண்ணீருக்கு டோக்கன் போட வேண்டும், அது ரொட்டிக்கடையிலோ சுற்றுலா அலுவலகத்திலோ கிடைக்கும்.

வண்டியில் சமைக்க முடியுமா? கேஸ், கரண்ட் எப்படி?

குக்கர் வைத்து சாதம், பருப்பு, ரசம் எல்லாம் தினமும் நடக்கும். தாளிக்கும்போது மட்டும் கூரை ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வாசனை மெத்தையில் ஏறிவிடும். பிரிட்டன் சிலிண்டரை பிரான்சில் மாற்ற முடியாது, அங்கே சிலிண்டரும் இணைப்பும் வேறு. நீண்ட பயணம் போகிறவர்கள் பங்கில் நிரப்பிக்கொள்ளும் வகை சிலிண்டரைப் பொருத்திக்கொள்வது நிம்மதி. குளிர்காலத்தில் புரொப்பேன்தான் வேண்டும், உறைநிலைக் குளிரில் பியூட்டேன் வராது.

கேம்பிங் இடத்தில் 6 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் மொத்தம் சுமார் 1,400 வாட்தான் கிடைக்கும். வீட்டில் இருக்கும் 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும், ஆகவே சின்னப் பயணக் கெட்டில் வாங்குங்கள்.

நம் சாமான்கள் கிடைக்குமா? சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பாரிஸ் வழியாகப் போனால் லா ஷப்பேல் பகுதியில், வட ரயில் நிலையத்துக்குப் பின்னால், தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். அந்த நெரிசலுக்குள் மோட்டார்ஹோமில் போக வேண்டாம், வெளியே எங்காவது விட்டுவிட்டு ரயிலில் போய் வாருங்கள். பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது என்பதால் நெய்யும் தயிரும் எடுத்துவராதீர்கள். நார்மண்டி வெண்ணெயை வாங்கி வண்டியிலேயே உருக்கினால் வரும் நெய்யின் மணம் நான் வேறெங்கும் கண்டதில்லை. கமார்க் பகுதியில் நெல் விளைகிறது, அந்த அரிசி எந்தக் கடையிலும் இருக்கும். லெ புயி ஊரின் பச்சை நிற லெண்டில் பருப்பு குழையாமல் வேகும், சுண்டலுக்கு அருமை.

வெளியே சாப்பிட நினைத்தால் மதியம் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்குப் போனால் கிராமத்தில் சமையலறை மூடியிருக்கும். கடைகளும் மதியம் இரண்டு மணி நேரம் மூடும், ஞாயிறு மாலையும் திங்கட்கிழமையும் பல ஊர்களில் ஒன்றும் இருக்காது. சைவர்கள் ஆம்லெட் சாப்பிடுவார்கள் என்றால் பிரச்சினையே இல்லை. சாலட் கேட்டால் பன்றிக்கறித் துண்டு போட்டுவிடுவார்கள், முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிரெஞ்சு தெரியாதே?

'போன்ஜூர்', அதாவது வணக்கம், தெரிந்தால் போதும், ஆனால் அதைச் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் பொதுவாக எல்லோருக்கும் ஒரு போன்ஜூர், அதன் பிறகுதான் மற்றது. அதைச் சொன்னவருக்கு அந்த ஊர் எதையும் செய்யும்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

பிள்ளைகளின் பெரிய கவலை இதுதான், நியாயமான கவலை. பச்சைச் சிலுவை மாட்டிய மருந்துக்கடை சின்ன ஊர்களிலும் பரவலாக இருக்கிறது, சின்ன உபாதைகளுக்கு அங்கேயே நல்ல யோசனை சொல்வார்கள். காட்டில் பறித்த காளானைக் கொண்டுபோய் விஷமா என்று கேட்கும் அளவுக்கு ஊர்க்காரர்கள் மருந்துக்கடைக்காரரை நம்புகிறார்கள். இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை தெரிய 3237, மருத்துவ அவசரத்துக்கு 15, எதற்கும் 112. பிரிட்டனில் இருப்பவர்கள் வெளிநாட்டில் அரசு மருத்துவ உதவி பெற உதவும் 'ஜிஹெச்ஐசி' அட்டையும் அதோடு பயணக் காப்பீடும் எடுக்க வேண்டும். அட்டை இருக்கிறது என்று காப்பீட்டை விட்டுவிடாதீர்கள், ஊருக்குத் திருப்பி அழைத்துவரும் செலவை அது தராது. மருந்துகளை அதனதன் பெட்டியிலேயே, மருத்துவர் சீட்டோடு வையுங்கள், மருந்தின் மூலப்பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் வைத்திருப்பவர்கள் வண்டியைச் சமமாக நிறுத்துங்கள், கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரிவில் நின்றால் சரியாகக் குளிராது.

எந்த மாதம் போவது? எத்தனை நாள் இருக்கலாம்?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை கடைசிச் சனிக்கிழமையும் ஆகஸ்ட் வார இறுதிகளும் பிரான்சே சாலையில் இருக்கும். 'பிஸோன் ஃபுதே' என்ற அரசுச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் நிறம் கொடுக்கிறது, சிவப்பு, கறுப்பு நாள்களில் வண்டியை எடுக்காதீர்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப் பகுதிகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது பிரான்ஸ் உட்பட ஒரே எல்லை விதியுள்ள ஐரோப்பிய நாடுகளுக்குள், இருக்கலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லை முறையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுத்து நாள்களைக் கணினியே கணக்கு வைக்கிறது.

பாதுகாப்பு எப்படி?

கிராமத்து ஏர்களில் நான் பயந்ததே இல்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓர ஓய்விடங்களில் இரவு தூங்காதீர்கள், திருட்டு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். பத்து நிமிடம் உள்ளே போனால் ஒரு கிராமம் வரும், அங்கே படுங்கள். ஓர் இடத்துக்குப் போய் இறங்கியதும் உங்கள் இருவரில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் கேட்காமல் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.

இரண்டு பேரும் அந்தச் சின்ன இடத்தில், சண்டை வராதா?

வரும். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் நிச்சயம் வரும். எங்களுக்கு உதவியது வேலையைப் பிரித்துக்கொண்டதுதான். வண்டி நின்றதும் மின்சாரம், தண்ணீர், சாய்வு பார்ப்பது இவர், உள்ளே எல்லாம் நான். ஒருவர் வேலையில் மற்றவர் யோசனை சொல்வதில்லை. பின்னால் எடுக்கும்போது நான் இறங்கி நின்று கை காட்டுவேன், நான் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் இவர் வண்டியை நிறுத்திவிடுவார்.

பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன், நீங்களும் ஓட்டுங்கள். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால், அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் நடுக்காட்டில் நிற்க வேண்டும். வெறும் சூப்பர்மார்க்கெட் மைதானத்தில் ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் பழகினால் பயம் போய்விடும்.

முதல் பயணத்துக்கு எங்கே போகலாம்?

மூன்று வாரம் இருந்தால் லுவார், தோர்தோன் என்ற இரண்டு ஆற்றுப் பகுதிகள் போதும், மூன்றாவது இடத்தைச் சேர்க்காதீர்கள். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டாம், ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு இரவு. போர்ட்ஸ்மத்திலிருந்து கேன் துறைமுகத்தில் இறங்கி, தெற்கே சோமியூர் வந்து, ஆறுகளை ஒட்டியே ஷினோன், வில்லாந்திரி, ஷெனோன்சோ. கரை ஓரம் சைக்கிள் பாதை மேடு பள்ளம் இல்லாமல் போகிறது, முழங்கால் வலிக்கும் ஒத்துவரும்.

அங்கிருந்து தெற்கே தோர்தோன் பள்ளத்தாக்கு. லா ரோக்-கஜாக்கில் செங்குத்துப் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரே வரிசையாக வீடுகள், ஏரும் ஆற்றங்கரையில்தான், மதியத்துக்குள் போனால் இடம் கிடைக்கும். லாஸ்கோ குகை ஓவியங்களைப் பார்க்க மோந்தின்யாக் போகலாம். 1940-இல் கண்டுபிடித்த அசல் குகையைப் பார்வையாளர்களின் மூச்சுக் காற்றால் ஓவியங்கள் கெட்டதால் 1963-இல் மூடிவிட்டார்கள், 2016-இல் திறந்த முழு அளவுப் பிரதியைத்தான் காட்டுகிறார்கள். முன்பதிவு செய்யுங்கள், உள்ளே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சர்லாவில் புதனும் சனியும் சந்தை. சனிக்கிழமைச் சந்தை பெரியது. முந்தின மாலையே போய் வண்டியை நிறுத்திவிட்டு, காலை எட்டரைக்குள் கூடையோடு இறங்கினால் பத்து மணிக் கூட்டத்துக்கு முன் வால்நட்டும் தக்காளியும் வாங்கித் திரும்பிவிடலாம்.